ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படங்களின் மறுபதிப்புகளை வீட்டில் மாட்ட ஒரு வழிகாட்டி

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலைப் படத்தை வீட்டுக்கு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் சுவரைத்தான் அளக்கிறார்கள். சோபாவுக்கு மேலே ஐந்தடி இடம் காலியாக இருக்கிறது, நாலடிக்கு ஒரு படம் வேண்டும் என்று கேட்கிறார்கள். கடையிலும் கேன்வாஸில் பெரிதாக அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். மாட்டிப் பார்த்தால் கோடுகள் தடித்துத் தெரிகின்றன, வானம் வெறிச்சோடிக் கிடக்கிறது, படகுக்குள் குனிந்திருக்கும் ஆட்கள் கண்ணில் படுவதே இல்லை. மூலப்படம் 38 செ.மீ. அகலமும் 26 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு தாள். கையில் எடுத்து ஒன்றரை அடி தூரத்தில் வைத்துப் பார்ப்பதற்காகச் செதுக்கப்பட்டது. எடோ காலத்தில் (1603–1868) இத்தாள்களைச் சாதாரண நகரவாசிகள் வாங்கி ஆல்பத்தில் சேர்த்தார்கள், மடிப்புத் திரைகளில் ஒட்டினார்கள், சிலவற்றைத் தூணில் தொங்கவிட்டார்கள்.

ஆகவே கீழே சொல்லும் எல்லாமே ஒரு முடிவின் மேல் நிற்கின்றன: மூல அளவிலேயே வாங்குங்கள், ஓரம் வெட்டாத முழுத் தாளாக வாங்குங்கள், பளபளக்காத காகிதத்தில் வாங்குங்கள். சுவர் பெரிதாக இருந்தால் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். ஒரே படத்தை ஊதிப் பெரிதாக்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

அளவுகள்

அதிகம் காண்பது 'ஓபான்' அளவு, ஏறத்தாழ 39 × 26.5 செ.மீ. தாளின் ஓரம் எவ்வளவு வெட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு செ.மீ. கூடும், குறையும். ஹொக்குசாயின் 'ஃபூஜி மலையின் 36 காட்சிகள்' (பெயர் அப்படியிருந்தாலும் மொத்தம் 46 தாள்கள்), ஹிரோஷிகேயின் 'டோகாய்டோ நெடுஞ்சாலையின் 53 நிலையங்கள்' (இதில் 55 தாள்கள்) ஆகியவை படுக்கைவாக்கு ஓபான். ஹிரோஷிகே 1856 முதல் 1858 வரை வரைந்த 'எடோவின் நூறு காட்சிகள்' (எடோ இன்றைய டோக்கியோ) நெட்டுவாக்கு ஓபான். ஓபானில் பாதியளவு 'சூபான்', சுமார் 26 × 19 செ.மீ. நடிகர்களின் உருவப்படங்களுக்குப் பயன்பட்ட ஒடுங்கிய 'ஹோசோபான்', சுமார் 33 × 14.5 செ.மீ.

இன்னொரு அளவைப் பலரும் கவனிப்பதில்லை. 'ஹஷிரா-எ' எனப்படும் தூண் படம் ஏறத்தாழ 73 செ.மீ. உயரமும் 12 செ.மீ. அகலமும் கொண்டது. வீட்டுத் தூண்களில் மாட்டுவதற்கென்றே வந்த வடிவம் இது. இரண்டு கதவுகளுக்கு நடுவே, அலமாரிக்கும் சன்னலுக்கும் இடையே இருக்கும் ஓரடிச் சுவரில் இதைவிடப் பொருத்தமாக எதையும் மாட்ட முடியாது. சுசுகி ஹருநோபுவும் கொர்யூசாயும் இவ்வடிவில் அருமையான படங்களைத் தந்திருக்கிறார்கள்.

ஏ3 தாள் 42 × 29.7 செ.மீ. ஓபான் படம் அதில் முழு அளவில் அடங்கி, சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. மிஞ்சும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது பெரிய வசதி.

எந்த அறைக்கு எந்தப் படம்

படம் சிறியது என்பதால், ஆட்கள் நெருங்கி நிற்கும் இடங்கள்தான் அதற்கு ஏற்றவை: வாசலில் செருப்பு விடும் இடம், நடைபாதை, படிக்கும் மேசைக்கு எதிர்ச்சுவர், வாசிக்கும் நாற்காலியின் பக்கம். பன்னிரண்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் கூடத்துச் சுவரில் ஒற்றை ஓபான் தபால்தலைபோல் தெரியும். அங்கே மூன்று தாள் தொடர்படமோ, நான்கு படங்களின் தொகுப்போ மாட்டுங்கள்.

தொடங்குவதற்கு 'எடோவின் நூறு காட்சிகள்' தொடரைத்தான் சொல்வோம். நிறங்கள் அடர்த்தியானவை, நெட்டுவாக்கில் இருப்பதால் ஒடுங்கிய சுவருக்கும் பொருந்தும், பருவ வாரியாகத் தேர்ந்து மாற்றி மாட்டலாம். வசந்தத்துக்குக் கமெய்டோ ப்ளம் தோட்டம் (1857), கோடைக்கு ஷின்-ஓஹாஷி பாலத்தின் மேல் திடீர் மழை (1857), பனிக்காலத்துக்குச் சிவப்பு விளக்கு தொங்கும் அசாகுசா கின்ரியூசான் கோயில் (1856). முதல் இரண்டையும் வான்கோ 1887-இல் எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்திருக்கிறார். குழந்தைகள் அறைக்கு, சன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்க்கும் வெள்ளைப் பூனை (அசாகுசா வயல்கள், 1857), அல்லது வானத்தை நிரப்பும் கெண்டைமீன் கொடிகள் (சுய்டோ பாலம், 1857).

அமைதியான படுக்கையறைக்கு 20-ஆம் நூற்றாண்டின் 'ஷின்-ஹாங்கா' (புதிய அச்சுப்படங்கள்) இயக்கத்தின் படங்கள் பொருந்தும். கவாசே ஹசுயின் (1883–1957) பனி, மழை, நிலவொளிக் காட்சிகளில் பேச்சே இல்லாத ஒரு நிதானம் இருக்கும். ஹிரோஷி யோஷிதா (1876–1950) 1930-களின் தொடக்கத்தில் இந்தியாவைச் சுற்றி வந்து தாஜ் மகாலையும் மதுரைக் கோயிலையும்கூட அச்சுப்படங்களாக்கினார். மதுரைக்காரர் வீட்டுச் சுவரில் அந்தப் படத்துக்கு ஓர் இடம் உண்டு.

ஓவியர் குனியோஷியின் பேய்களும் எலும்புக்கூடும் மிகச் சிறந்த படங்கள். ஆனால் தொட்டிலுக்கு எதிரே வேண்டாம்.

மூன்று வகை மறுபதிப்புகள்

முதல் வகை, மீண்டும் மரத்தில் செதுக்கிக் கையால் அச்சிட்டது. டோக்கியோவின் அதாச்சி நிறுவனம், கியோட்டோவில் 1891 முதல் இயங்கும் உன்சோடோ போன்றவை இன்றும் இப்படிச் செய்கின்றன. மலைச் செர்ரி மரப்பலகையில் முதலில் கோட்டுப் பலகை, பிறகு நிறத்துக்கொன்றாகப் பலகைகள். ஈரமாக்கிய 'ஹோஷோ' என்ற ஜப்பானியக் காகிதத்தைப் பலகைமேல் பரப்பி, 'பாரென்' என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகில் தேய்த்து நிறத்தை ஏற்றுவார்கள். விலை அதிகம்தான். ஆனால் காகிதத்துக்குள் நிறம் ஊறி நிற்கும் அழகை வேறு எந்த முறையும் தருவதில்லை.

இரண்டாவது, பிக்மென்ட் இங்க் (நிறத்துகள் கலந்த மை) கொண்டு இங்க்ஜெட்டில் அடிப்பது. பருத்தி அல்லது வாஷி (ஜப்பானிய மரபுக் காகிதம்) வகைக் காகிதத்தில் நன்றாக அடித்தால், கண்ணாடிக்குப் பின்னால் நிறைவாகவே இருக்கும். மூன்றாவது, ஆஃப்செட் போஸ்டர். இதன் ஒரே நன்மை மலிவு.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு பத்து மடங்கு லென்ஸ் போதும். ஆஃப்செட்டில் பூவிதழ்போல் அடுக்கிய புள்ளிகள் தெரியும். இங்க்ஜெட்டில் ஒழுங்கற்ற நுண்புள்ளிகள். கையச்சில் புள்ளியே இராது. ஒரே நிறப்பரப்பும் அதனூடே காகித நாரும் தெரியும். தாளைத் திருப்பிப் பாருங்கள்: கையச்சென்றால் நிறம் முதுகுவரை ஊறியிருக்கும், பாரென் சுழன்ற தடமும் இருக்கும். 'அசல் மரச்செதுக்கு' என்று எழுதியிருந்தாலே எடோ காலத்தது என்று பொருளல்ல. அடுத்து வந்த மெய்ஜி காலத்திலும் (1868–1912) அதன் பிறகும் செதுக்கிய மறுபதிப்புகள் சந்தையில் ஏராளம். விற்பவர் தெளிவாகச் சொல்லாவிட்டால் மறுபதிப்பு என்றே வைத்து விலை பேசுங்கள்.

எல்லாப் படத்துக்கும் கையச்சு தேவையில்லை. பேரலை, அதே தொடரின் சிவப்பு ஃபூஜி, ஹிரோஷிகேயின் நிலக்காட்சிகள் இங்க்ஜெட்டில் நன்றாக வரும். ஓவியர் ஷராக்குவின் 1794-ஆம் ஆண்டு நடிகர் முகங்களின் பின்னணியில் அபிரகப் பொடி இருக்கிறது. தாளை அசைத்தால் மினுங்கும் அப்பரப்பு இங்க்ஜெட்டில் உயிரற்ற சாம்பல் நிறமாகிவிடும். உதாமாரோவின் அபிரகப் பின்னணிப் பெண் முகங்களுக்கும், நிறமில்லாமல் மேடாக அழுத்தி எடுத்த ஆடை நெசவுகளுக்கும் இதே கதிதான். இவற்றை வாங்கினால் கையச்சாக வாங்குங்கள், இல்லாவிட்டால் வேறு படம் பாருங்கள்.

நீங்களே அச்சடிப்பதானால்

ஹொக்குசாய், ஹிரோஷிகே, உதாமாரோ, குனியோஷி எல்லோருடைய படைப்புகளும் பொதுவுரிமையில் உள்ளன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் இத்தகைய படங்களைக் கட்டணமோ நிபந்தனையோ இல்லாமல் தரவிறக்கத் தருகிறது. சிகாகோ கலைக் கழகம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஆகியவற்றிலும் பெரிய கோப்புகள் கிடைக்கும். ஹசுய், யோஷிதா விஷயத்தில் நாட்டின் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் படைப்பாளி இறந்து 60 ஆண்டுகள், இலங்கை உள்ளிட்ட பல நாடுகளில் 70 ஆண்டுகள்.

கோப்பைத் தரவிறக்கும் முன் ஒரே படத்தின் பல பிரதிகளை ஒப்பிடுங்கள். பலகையில் ஆயிரக்கணக்கில் அச்சடித்தபோது கோடுகள் தேய்ந்தன. பேரலையின் இடது மேல்மூலையில் உள்ள தலைப்புக் கட்டத்தின் கோட்டைப் பாருங்கள். முந்தைய பிரதிகளில் அது அறுபடாமல் ஓடும், பிந்தையவற்றில் இடைவெளி விழுந்திருக்கும். சிவப்பு ஃபூஜியின் நிறம் பிரதிக்குப் பிரதி மாறுபடும். சிலவற்றில் மலை வெளிர் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. வெயில் பட்டு வெளுத்த பிரதியைத் தெரியாமல் எடுத்துவிட்டால், எவ்வளவு நல்ல அச்சகமும் அதைக் காப்பாற்ற முடியாது.

38 × 25.5 செ.மீ. படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அடிக்க அகலவாக்கில் சுமார் 4,500, உயரவாக்கில் 3,000 பிக்சல் வேண்டும். 200 டிபிஐ, அதாவது 3,000 × 2,000 பிக்சல் வரை சமாளிக்கலாம். அதற்குக் கீழே இறங்கினால் கோடுகளின் விளிம்பு மங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பு சுருங்கியிருக்கும், பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அச்சகத்தில் சொல்ல வேண்டியவை இவை. இங்க் பிக்மென்ட் வகையாக இருக்க வேண்டும். டை இங்க் (கரைந்த சாய மை) வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். காகிதம் மேட் (பளபளக்காதது), 180 முதல் 230 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு கிராம்). 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம், 38 செ.மீ. அகலம் என்று எண்ணைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். 'ஆட்டோ கலர்', 'என்ஹான்ஸ்' எதையும் தொடக்கூடாது. கேன்வாஸ் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். லேமினேட் செய்த தாளில் விளக்கொளி பட்டுப் படமே தெரியாது, பின்னால் உரித்தெடுக்கவும் முடியாது.

காகிதத்தின் நிறத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அருங்காட்சியகப் புகைப்படத்திலேயே பழந்தாளின் மஞ்சள் பதிவாகியிருக்கிறது. 'பழமையாக இருக்கட்டும்' என்று அதைக் கிரீம் நிறக் காகிதத்தில் அடித்தால் மஞ்சளின் மேல் மஞ்சள் ஏறி, வெண்பனி தேநீர்க்கறையாகும், பிரஷ்ய நீலம் பச்சையாகத் திரும்பும். நீலச்சாயல் இல்லாத வெள்ளைக் காகிதத்தில் அடியுங்கள், பழுப்பு கோப்பிலிருந்தே வரட்டும்.

முழுப் பிரதிக்கு முன் ஏ4 தாளில் ஒரு துண்டு மட்டும் முழு அளவில் அடித்துப் பாருங்கள். ஹிரோஷிகேயின் மழைப்படம் இதற்கு நல்ல சோதனை. அந்த மழை, சற்றே வேறுபட்ட சாய்வில் இரண்டு பலகைகளில் செதுக்கிய மயிரிழைக் கோடுகள். நல்ல அச்சில் ஒவ்வோர் இழையையும் பின்தொடர முடியும், இரண்டு சாய்வுகளும் குறுக்கே வெட்டுவது தெரியும். மோசமான அச்சில் எல்லாம் கலந்து சாம்பல் மூட்டமாக நிற்கும். அடுத்து, மேலே கறுப்பிலிருந்து படிப்படியாகக் கரையும் வானத்தைப் பாருங்கள். 'பொக்காஷி' எனப்படும் இக்கரைசல் பட்டை பட்டையாகப் பிரிந்திருந்தால் கோப்பு அளவுக்கு மீறிச் சுருக்கப்பட்டது என்று பொருள். வேறு கோப்புத் தேடுங்கள். நீலம் ஊதாவாகத் தெரிந்தால் நிற மாற்றத்தில் தவறு. கோப்பு எஸ்ஆர்ஜிபி நிறமுறையில் இருக்கிறது என்று அச்சகத்துக்குச் சொல்லி, அந்தத் தாளுக்கான நிற அமைப்பை (புரொஃபைல்) போட்டு மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.

கடையில் அச்சடித்ததை வாங்கும்போது இடவலம் மாறியிருக்கிறதா, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேரலையில் அலை இடப்புறமிருந்து எழ வேண்டும், எழுத்து இடது மேல்மூலையில் இருக்க வேண்டும். தலைப்புக் கட்டம், கையொப்பம், பதிப்பாளர் முத்திரை, தணிக்கை முத்திரை எல்லாம் படத்தின் உறுப்புகள். சட்டத்தின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக இவற்றை நறுக்கிய பிரதியை வாங்காதீர்கள்.

மவுண்டும் சட்டமும்

மவுண்ட் என்பது படத்தைச் சுற்றி வரும் அட்டைச் சன்னல். அது கண்ணாடி தாளில் படாமல் தடுக்கிறது. மவுண்ட் இல்லாமல் கண்ணாடியை ஒட்டி வைத்தால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோத்து, மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் படமும் சேர்ந்து உரியும்.

அட்டை அமிலமற்றதாக, 1.5 மி.மீ. தடிமனாவது இருக்கட்டும். சாதாரண அட்டை சில ஆண்டுகளில் பழுத்து, வெட்டிய விளிம்போரமாகத் தாளில் பழுப்புக் கோடு போட்டுவிடும். நிறம் மங்கிய வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை வைத்தால் படத்தின் பழுப்பு அழுக்காகத் தெரியும். பட்டுத்துணி மவுண்ட், இரட்டை நிற மவுண்ட், தங்கக்கோடு எதுவும் வேண்டாம்.

இங்க்ஜெட் அச்சுக்கு மவுண்ட் படத்தின் மேல் எல்லாப் பக்கமும் 2 மி.மீ. ஏறட்டும். அப்படியானால் படத்தின் பழுப்புக்கும் புதுத்தாளின் வெள்ளைக்கும் இடையிலான விளிம்பு மறைந்துவிடும். 38 × 25.5 செ.மீ. படத்துக்குச் சன்னல் 37.6 × 25.1. பக்கங்களிலும் மேலேயும் 7.2, கீழே 8.2 செ.மீ. விட்டால் சட்டத்தின் உள்ளளவு 52 × 40.5 செ.மீ. கீழே ஒரு செ.மீ. கூட்டாவிட்டால் படம் சரிந்து இறங்கியதுபோல் தோன்றும். கையச்சுக்கு நேர்மாறு: தாளின் ஓரமும் அழகு, ஆகவே படத்தைச் சுற்றி அரை செ.மீ. வெள்ளை தெரியும்படி சன்னலைப் பெரிதாக வெட்டுங்கள். யோஷிதாவின் படங்களில் கீழ் ஓரத்தில் பென்சில் கையொப்பமும் தலைப்பும், இடது ஓரத்தில் அவருடைய மேற்பார்வையில் அச்சானதைக் குறிக்கும் முத்திரையும் இருக்கும். அவற்றை மவுண்டுக்கு அடியில் புதைத்துவிடாதீர்கள்.

சட்டம் 1.5 முதல் 2 செ.மீ. அகலமுள்ள வழவழப்பான மரம், வெளிர் நிறத்திலோ மேட் கறுப்பிலோ. செதுக்கு வேலைப்பாடுள்ள தங்கச் சட்டம் படத்தின் மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும். கண்ணாடி 2 மி.மீ. போதும். கீழே விழுந்து உடையுமோ என்று பயந்தால் புற ஊதாக் கதிர் தடுக்கும் அக்ரிலிக் நல்லது. சொரசொரப்பான 'நான்-கிளேர்' கண்ணாடி மவுண்டின் இடைவெளிக்கு மேலே இருக்கும்போது மயிரிழைக் கோடுகளை மங்கவைக்கிறது, தவிர்க்கலாம்.

தாளைப் பொருத்துவது

பிரேம் கடையில் 'நேராக நிற்கும் சார்' என்று சொல்லித் தாளை முழுவதும் வெள்ளைப் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டிவிடுவார்கள். கொடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான்கு பக்கமும் டேப் போடுவதும் தவறு. காற்றில் ஈரம் ஏறும்போது தாள் விரியும். விரிய இடமில்லாவிட்டால் நடுவில் அலை அலையாக எழும்பும். தாள் மேலிருந்து தொங்க வேண்டும், மற்ற மூன்று பக்கமும் விடுதலையாக இருக்க வேண்டும்.

1. குழாயில் சுருட்டி வந்த தாளை இரண்டு வெள்ளை ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே பலகையும் புத்தகங்களும் ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். தண்ணீர் தெளிக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம்.

2. கைகழுவித் துடைத்துவிட்டு, எதிரெதிர் மூலைகளைப் பிடித்துத் தூக்குங்கள். ஒரு கையால் தூக்கினால் பிறைவடிவ மடிப்பு விழும், அது போகாது.

3. பின்னட்டையையும் மவுண்டையும் நீளப்பக்கத்தில் துணி டேப்பால் இணைத்து, புத்தகம்போல் திறக்கும்படி செய்யுங்கள். தாளை உள்ளே வைத்து, மவுண்டை மூடி, படத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்தி, சுத்தமான ஒரு சிறு எடையை மேலே வையுங்கள்.

4. இங்க்ஜெட் அச்சென்றால் நான்கு மூலைகளுக்கும் அமிலமற்ற காகித உறைகளை முக்கோணமாக மடித்து வைத்து, உறையை மட்டும் பின்னட்டையில் ஒட்டினால் போதும். தாளில் பசையே படாது. மூலைக்குள் ஒரு மி.மீ. தளர்வு விட்டால் தாள் விரிய இடம் கிடைக்கும்.

5. கையச்சுக்கு மெல்லிய வாஷித் தாளில் 2 × 3 செ.மீ. அளவில் இரண்டு கீல்கள் கிழித்துக்கொள்ளுங்கள். கத்தரியால் வெட்டினால் விளிம்பு கூர்மையாகி முன்பக்கம் தடம் தெரியும். கோதுமை ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு சேர்த்து, இளந்தீயில் கிளறிக் காய்ச்சி, ஆறவைத்து வடிகட்டிய பசையைப் பூசுங்கள். மைதா வேறு, ஸ்டார்ச் வேறு. மைதாவில் உள்ள புரதம் நாளடைவில் மஞ்சளாகும்.

6. கீலின் அடிப்பகுதி 5 மி.மீ. மட்டும் தாளின் மேல் விளிம்புக்குப் பின்னால் ஒட்டட்டும், மீதி மேலே நீட்டிப் பின்னட்டையில் படியட்டும். அதன் குறுக்கே இன்னொரு துண்டு ஒட்டினால் ஆங்கில டி வடிவம் வரும். ஒற்றுத்தாளும் எடையும் வைத்து ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் அங்கேதான் பூஞ்சை தொடங்கும்.

பின்பக்க இடுக்குகளைப் பழுப்புக் காகித டேப்பால் அடைத்துவிடுங்கள். இராமபாணப் பூச்சிக்கு ஸ்டார்ச் பசையும் தாளும் விருந்து.

மாட்டும் உயரம், இடைவெளி

நின்று பார்க்கும் இடத்தில் படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. தரையில் உட்கார்ந்து பழகும் அறையில் 110 முதல் 120 வரை இறக்குங்கள். ஜப்பானிய அறைகளில் படம் தாழ்ந்திருப்பதற்கும் அதுதான் காரணம். சோபாவின் முதுகுக்கும் சட்டத்துக்கும் இடையில் 15 முதல் 20 செ.மீ.

ஆணியின் உயரத்தைக் கணக்குப் போட்டே குறியுங்கள். மேலே சொன்ன சட்டத்தின் வெளியளவு ஏறத்தாழ 55 × 43.5 செ.மீ. மையம் 147 என்றால் மேல்விளிம்பு 168.75. பின்னாலுள்ள கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்தால் விளிம்புக்கு 6 செ.மீ. கீழே வருகிறது என்று வைத்துக்கொள்வோம், ஆணி 162.75-இல். எடை இரண்டு கிலோ சுற்றி இருக்கும். 6 மி.மீ. டிரில் பிட், பிளக், ஸ்க்ரூ போதும். ஒன்றுக்குப் பதில் 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஸ்க்ரூ அடித்தால் கதவு மோதும் அதிர்வில் படம் சாயாது. ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

படுக்கைவாக்குப் படங்கள் நான்கை 2 × 2 ஆக அடுக்க, இடைவெளி 5 செ.மீ. என்றால் மொத்தம் 115 × 92 செ.மீ. இடம் வேண்டும். பழைய செய்தித்தாளில் சட்ட அளவுக்கு நான்கு துண்டு வெட்டி மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி ஒருநாள் பாருங்கள், பிறகு துளையிடுங்கள். ஒரே தொடரின் படங்களாக இருந்தால் தொகுப்பு நன்றாக அமையும். 'நூறு காட்சிக'ளின் மேல் வலது மூலையில் வரும் சிவப்புத் தலைப்புக் கட்டமே நான்கையும் கோத்துவிடும். ஹொக்குசாயையும் ஷராக்குவையும் ஹசுயையும் ஒரே சுவரில் கலந்தால் ஒன்றுக்கொன்று சத்தம் போடும்.

மூன்று தாள் தொடர்படங்களில் அடுக்கு வலமிருந்து இடம். முதல் தாள் வலக்கோடியில் இருக்க வேண்டும். 1844 வாக்கில் குனியோஷி வரைந்த புகழ்பெற்ற எலும்புக்கூட்டுப் படத்தில் இளவரசி தாக்கியாஷா இடத்தாளில் நிற்கிறாள், எலும்புக்கூடு நடுத்தாளையும் வலத்தாளையும் நிரப்புகிறது. மூன்றையும் தனித்தனிச் சட்டத்தில் போட்டு இடைவெளி விட்டு மாட்டினால் எலும்புக்கூடு இரண்டாக வெட்டுப்படும். ஒரே சட்டத்தில், தாள்களுக்கு இடையே 2 மி.மீ. மட்டும் விட்டுப் பொருத்துங்கள். படம் மொத்தம் 76 × 37 செ.மீ. அளவில் வரும், சுற்றிலும் 8, கீழே 9 செ.மீ. மவுண்ட் வைத்தால் சட்டத்தின் உள்ளளவு 92 × 54. ஐந்தடி சோபாவுக்கு மேல் இது கச்சிதம்.

வெயில், விளக்கு, ஈரம்

நேர்வெயில் ஒரு மணி நேரம்கூடப் படக்கூடாது. எடோ காலச் சிவப்புக்குக் குசும்பப் பூவும், பழைய நீலத்துக்கும் ஊதாவுக்கும் சீக்கிரம் வெளுக்கும் பூச்சாறும் பயன்பட்டன, அதனால்தான் அருங்காட்சியகங்கள் மூலங்களை 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில், சில மாதங்கள் மட்டும் வைக்கின்றன. பிக்மென்ட் மறுபதிப்பு அவ்வளவு நொய்மையானதல்ல என்றாலும் மேற்குச் சன்னலுக்கு எதிர்ச்சுவர் அதற்கும் ஆகாது.

விளக்கு 2,700 முதல் 3,000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல் உள்ள எல்இடி. குறைந்த சிஆர்ஐ விளக்கில் ஹிரோஷிகேயின் சிவப்பு செங்கல்தூளாகத் தெரியும். கூரையிலிருந்து சுமார் 30 பாகைச் சாய்வில் விழட்டும்.

குளியலறை, அடுப்படி, ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் மூன்றும் வேண்டாம். வெளிச்சுவர் மழையில் ஊறும் வீடென்றால் உட்சுவரில் மாட்டுங்கள். எந்தச் சுவரானாலும் சட்டத்தின் கீழ்மூலைகளில் 3 மி.மீ. ரப்பர் பொட்டு ஒட்டி, பின்னால் காற்றோட வழி செய்யுங்கள். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் தாளுக்கு நல்லது. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் அப்படி வைத்திருப்பது முடியாது. ஆகவே மழை முடிந்து வெயில் திரும்பியதும் சட்டங்களை இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். ஜப்பானியர்களும் ஈர மாதங்கள் கழிந்த பிறகு ஏட்டையும் துணியையும் நிழலில் விரித்துக் காற்றாட விடும் வழக்கம் உள்ளவர்கள். தாளில் சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றியிருந்தால் மவுண்டையும் பின்னட்டையையும் தூக்கிப்போட்டுப் புதிது வையுங்கள். புள்ளியைத் தேய்த்து எடுக்க முயல வேண்டாம்.

கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள். கண்ணாடிமேல் தெளித்தால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கி மவுண்ட் ஊறும். அக்ரிலிக்குக்கு அமோனியா கலந்த திரவம் கூடாது.

மாற்றி மாட்டுவது

ஓபான் படங்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால், பின்பக்கம் திருகித் திறக்கும் வகைச் சட்டம் இரண்டு இருந்தால் பத்துப் படங்களைச் சுழற்றலாம். ஒவ்வொன்றுக்கும் தனி மவுண்டும் பின்னட்டையும் ஒரே வெளியளவில் வெட்டிவைத்துக்கொண்டால், மாற்ற ஐந்து நிமிடம் போதும், தாளைக் கையால் தொடவும் வேண்டியிராது. மாட்டாத படங்களைப் படுக்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே அமிலமற்ற மெல்லிய தாள் வைத்து, அட்டைப்பெட்டியில் அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். தரையோடு ஒட்டிய தட்டில் ஈரமும் பூச்சியும் முதலில் வரும், பரணில் வெக்கை. சுருட்டி வைத்தால் கையச்சுத் தாளில் நிறப்பரப்பு கீறும். பெட்டியின் மேல் படத்தின் பெயர், வாங்கிய இடம், காகிதம், இங்க் வகை ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். அடுத்த பிரதி அடிக்கும்போது அதே அச்சகத்தில் அதே தாளைக் கேட்க அந்தச் சீட்டுதான் உதவும்.